ஆணி படாத சுவர்

முத்துநாயகம் அன்று வடசேரியிலிருந்து வீடு வந்தபோது கையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதற்கு வைக்கோல் சுற்றி, மேல்துண்டில் பொதிந்து, பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"என்னது இது?" என்றாள் அவர் மனைவி பகவதியம்மாள்.

"கண்ணாடி ஓடு. அடுக்களைக்கு மேல ஒரு ஓட்ட எடுத்துட்டு இத வச்சா நல்ல வெளிச்சம் வரும். நீ பகல்லயும் விளக்கு கொளுத்திட்டுல்லா சமைக்கே."

"பதினெட்டு வருசமா அப்பிடித்தான் சமைக்கேன்."

"அதான். போதும்லா?"

பகவதியம்மாள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துநாயகத்துக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்ல வேண்டிய இடம் வந்தால் எதிரே இருப்பவர் முகத்தை விட்டுவிட்டு வேறெங்காவது பார்த்துக்கொண்டு நிற்பார். குடித்தனம் தொடங்கிய புதிதிலேயே அவள் தெரிந்துகொண்ட விஷயம் அது.

"உங்க வீடு, உங்க ஓடு. எங்கிட்ட எதுக்குச் சொல்லுகியோ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோபத்தில் வந்த வார்த்தையல்ல அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவள் அந்த வீட்டை அப்படித்தான் சொல்லி வந்தாள். இறச்சகுளத்தில் முத்துநாயகத்துக்குப் பாகத்தில் கிடைத்த ஓட்டு வீடு அது. முன்னால் பட்டாசல் என்கிற கூடம், பின்னால் அடுக்களை, பக்கவாட்டில் நெல் கொட்டி வைக்கிற குலுக்கையும் தட்டுமுட்டும் கிடக்கிற சாய்ப்பு அறை. இத்தனை வருஷத்தில் பகவதியம்மாள் அந்தச் சுவர்களில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. முகம் பார்க்கிற கண்ணாடி தகரப்பெட்டியின் மேல் சாய்ந்து நிற்கும். காலண்டர் குலுக்கையின் மேல் படுத்துக் கிடக்கும். அவள் சேர்த்த சாமான்கள் எல்லாம் ஒரு மாட்டுவண்டியில் ஏறிவிடக் கூடியவை. பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள், ஒரு நார்க்கட்டில், நாலைந்து கோழிகள். எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக ரயிலடியில் உட்கார்ந்திருப்பவளைப் போலத்தான் அவள் அந்த வீட்டில் இருந்தாள்.

காரணம் இருந்தது. அவள் பூதப்பாண்டியில் பிறந்த காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள் வழி நடந்துவந்தது. ஒருவன் செத்தால் அவன் சொத்து பெற்ற பிள்ளைகளுக்கு இல்லை, அக்காள் தங்கை பிள்ளைகளுக்கு. பகவதிக்கு ஏழு வயதில் அப்பா போனார். அதற்குச் சில நாள் முன்புதான் அம்மை அடுக்களைச் சுவரைத் தானே குழைத்துப் பூசி, விளக்கு மாட்ட ஓர் ஆணி அடித்திருந்தாள். காரியங்கள் முடிந்த மறுநாள் அப்பாவின் அக்காள் மகனான மருமகன் முற்றத்தில் வந்து நின்றான். சத்தம் போடவில்லை, வையவில்லை. "மாமி, வண்டிய எப்பம் வரச் சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டான்.

அம்மை அடுக்களைக்குள் போய், அரிவாள்மணை முனையால் அந்த ஆணியை நெம்பி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த வருஷம் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டது. அதன்பின் சொத்து பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்று ஆயிற்று. சட்டம் வந்து இருபத்தெட்டு வருஷமும் ஆகிவிட்டது. ஆனால் ஏழு வயதில் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்த பெண்ணிடம் போய் யார் சட்டத்தை எடுத்துச் சொல்வது? ஆணி இப்போது பகவதியம்மாளின் தகரப்பெட்டிக்குள் அடியில், ஒரு துணித்துண்டில் சுற்றிக் கிடந்தது.

போதாக்குறைக்கு அவளுக்குப் பிள்ளை இல்லை. முத்துநாயகத்துக்கு ஓர் அக்காள் உண்டு, தாழக்குடியில் இருக்கிற சொர்ணம்மாள். புருஷனை இழந்தவள். அவளுக்கு ஒரே மகன், குமாரதாஸ். வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்து 'மாமா' என்று காலில் விழுகிற அந்தப் பையனை ஆசீர்வதிக்கும்போதெல்லாம் பகவதியம்மாளுக்கு அன்று முற்றத்தில் வந்து நின்ற மருமகனின் முகம் ஞாபகம் வரும்.

கண்ணாடி ஓட்டோடு விஷயம் நிற்கவில்லை. பின்னாலேயே ஒரு பானை சிப்பிச் சுண்ணாம்பு வந்தது. எங்கோ இடித்த சரக்குக் கிட்டங்கி ஒன்றின் பழைய ஜன்னல் தலைச்சுமையாக வந்தது. முத்துநாயகம் வடசேரியில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அங்கே துணித் தானில் மிஞ்சுகிற துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, பச்சையும் பூப்போட்டதும் கட்டம் போட்டதுமாக ஒட்டுப்போட்டு, தானே கையால் ஜன்னலுக்குத் திரை தைத்தார். வேறு வேலை கிடைக்காத நாட்களில் கூலியைக் குறைத்துக்கொண்டு வருவதாக நேசையன் என்கிற கொத்தனைப் பேசி வைத்தார். பிய்ந்த செருப்புக்கு வார் மாற்ற ஒரு மாசம் யோசிக்கிற மனுஷன் அவர்.

"ஏட்டி, ஜன்னலுக்குப் பச்சை அடிக்கவா, நீலமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இருக்கப் போறவங்ககிட்ட கேளுங்க."

முத்துநாயகம் மேலே உத்தரத்தைப் பார்த்தார். பகவதியம்மாள் அதைக் கவனித்து மனதில் முடிந்துகொண்டாள்.

பட்டாசலுக்குக் கருந்தரை போட வேண்டும் என்று அடுத்ததாகக் கிளம்பினார். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, சுண்ணாம்பு சேர்த்து அரைத்துப் பூசி, உருண்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிற தரை. சிமிண்டு வாங்க வழியில்லாதவர்களுக்கு அதுதான் பளிங்கு. நேசையன் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, முட்டை வெள்ளை கொஞ்சம் வேணும். சேத்தாத்தான் முகம் தெரியும்."

"எனக்க கோழி முட்டை தரைக்கு இல்ல."

"ஏன்மா, கோழியும் சீதனமா வந்ததா?"

"இதுக்க பாட்டி வந்தது."

நேசையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. யாரோ வந்து நடக்கப் போகிற தரைக்கு அம்மை வீட்டுக் கோழி எதற்கு முட்டையிட வேண்டும்? முத்துநாயகம் சந்தையிலிருந்து தாரா என்கிற வாத்தின் முட்டை வாங்கி வந்தார்.

ஆனாலும் ஒன்று நடந்தது. நேசையன் மத்தியானக் கஞ்சிக்குப் போயிருந்தபோது அவள் பட்டாசல் ஓரமாக வந்து நின்றாள். ஒரு மூலையில் தரை இன்னும் சொரசொரவென்று கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குனிந்து உட்கார்ந்து கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்க ஈரக் கருப்புக்குள்ளிருந்து ஒரு மினுக்கம் மேலே வந்தது. அதில் ஜன்னலின் நிழல் தெரிந்தது, அப்புறம் அவள் நெற்றி தெரிந்தது. அம்மை சுவர் பூசியபோது இப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சட்டென்று கல்லைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கே கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கிய வெயில் தேங்காய் துருவுகிற அவள் கைமேல் ஒரு வட்டமாக விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. கையை நகர்த்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு நாகம்மை இதையெல்லாம் வேலிக்கு அந்தப்புறமிருந்து பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஏட்டி பகவதி, கல்யாண வீடு கணக்கால்லா இருக்கு! ஆரு வாறா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"நல்லாருக்கே. வீட்டுக்காரிக்குத் தெரியாமலா வெள்ளை அடிக்காவ?" என்று சொல்லிக்கொண்டே நாகம்மை ஒவ்வொரு இடமாக எட்டிப் பார்த்தாள். சாய்ப்பு அறையின் வாசலில் நின்றுவிட்டாள். பட்டாசலிலிருந்து அந்த அறைக்கு ஏற உயரமான ஒரு படி உண்டு. இப்போது அதன் அடியில், பாதி உயரத்துக்குப் புதிதாக இன்னொரு படி கட்டியிருந்தது.

"இது என்னட்டி, படி குட்டி போட்டிருக்கு?"

"நேசையன் கட்டினான்."

"அவன் சும்மா கட்டுவானா? முழுப்படி ஏற ஒக்காத ஆளு ஆரு இருக்கா இந்த வீட்டுல? நீயும் தாண்டிருவே, உன் வீட்டுக்காரரும் தாண்டிருவாரு." நாகம்மை சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "குமாரதாஸுக்க பெஞ்சாதி முழுகாம இருக்காளாம்லா?"

பகவதியம்மாள் அரைப்படியில் கிடந்த சுண்ணாம்புத் தூளைக் காலால் ஒதுக்கினாள்.

"சவத்த விடு, எனக்கு எதுக்கு? ஆனா ஒண்ணு சொல்லுகேன், பிள்ளை தவழுகிற வீட்டுலதான் இப்பிடி அரைப்படி வைப்பாவ. பொறவு உன் வீட்டுக்காரரு வியாழக்கிழமை எல்லாம் ஏன் பிந்தி வாறாரு?"

"வடசேரியில கூட்டமாம். தமிழ்நாட்டோட சேரணும்னு பேசுகாவளாம். ரோடு அடைச்சிருக்காம்."

"எங்க வீட்டு ஆளும் அங்கதானே இருக்கு. போன வியாழக்கிழமை கூட்டமும் இல்ல, குறட்டையும் இல்ல."

நாகம்மை போனபிறகு பகவதியம்மாள் அந்த அரைப்படியில் போய் உட்கார்ந்தாள். தாழ்ந்த படி. ஒரு குழந்தை ஏறுகிற உயரம்தான். எத்தனை தைப்பூசம் எத்தனை கோயில் படி ஏறி இறங்கியும் அவள் வயிற்றில் தங்காத குழந்தை. அதற்குக்கூட அவள் புருஷனை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவரும் அவளைச் சொன்னதில்லை. இப்போது சொல்லாமலே படி கட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் கேட்டாள். "அந்த அரைப்படி எதுக்கு?"

முத்துநாயகம் கிணற்றைப் பார்த்தார். "அதா? சாந்து மிஞ்சிப்போச்சு. வீணாக்காண்டாம்ன்னு நேசையன்தான்..."

பகவதியம்மாள் அந்தக் கிணற்றுப் பார்வையையும் மனதில் முடிந்துகொண்டாள்.

அந்த வாரமே சொர்ணம்மாள் வந்தாள். வழக்கமாக வந்தால் பட்டாசலில் கால்நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்கப் பேசுகிறவள், அன்று கொடுத்த காப்பியைக்கூட நின்றபடியே குடித்தாள். வாசல் ஏறும்போது சுவரைக் கையால் தடவித் தடவி ஏறினாள். வீட்டைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று பகவதியம்மாள் நினைத்துக்கொண்டாள். வேண்டுமென்றே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய், வேண்டுமென்றே சீக்கிரம் திரும்பி வந்தாள்.

சாய்ப்பு அறையில் அக்காளும் தம்பியும் நின்றிருந்தார்கள். சொர்ணம்மாள் நூலின் ஒரு முனையைப் பிடித்திருக்க, முத்துநாயகம் மறுமுனையைக் கதவோரம் வரை இழுத்துப் பிடித்திருந்தார்.

"கட்டிலு போட்ட பொறவு ஆளு நடக்க எடம் இருக்குமாலே?"

"தாராளமா இருக்கும்க்கா."

"அவகிட்ட சொல்லியாச்சா?"

"இல்லக்கா. வேல முடியட்டும். முடிஞ்ச பொறவு சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டா."

"எனக்கு பயமா இருக்கு முத்து."

"எனக்கும்தான்."

பகவதியம்மாள் குடத்தை ணங்கென்று தரையில் வைத்தாள். சொர்ணம்மாள் அவசரமாக நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"வா பகவதி."

"நான் எங்க இருந்து வாறேன், மைனி? என்னை எதுக்கு வான்னு கூப்பிடுகியோ?"

சொர்ணம்மாளின் முகம் வெளுத்தது. "அது... வாயில வந்துட்டு" என்றாள். காப்பித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பயம். தப்புச் செய்கிறவர்களுக்குத்தான் பயம் வரும் என்று பகவதியம்மாள் நினைத்தாள். அன்று அவள் புருஷனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததும் கணக்கில் சேர்ந்தது.

மறுநாள் முத்துநாயகம் கடைக்குப் போனதும் அவள் தகரப்பெட்டியைத் திறந்து சேலைகளை அடுக்கினாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். எல்லாம் முடிந்தபிறகு பெட்டியின் அடிவரை கைவிட்டுத் துணிச் சுருளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வண்டியை எப்போது வரச் சொல்லட்டும் என்று யாரும் வந்து தன்னிடம் கேட்கும்வரை அவள் காத்திருக்கப் போவதில்லை. வண்டியைத் தானே வரச்சொல்லுவாள். ஆனால் அம்மை செய்யாத ஒன்றை அவள் செய்ய நினைத்தாள். போவதற்கு முன்னால் நேருக்கு நேர் நின்று கேட்டுவிட வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டு, வாய்க்கால் வரப்பு வழியே தாழக்குடிக்கு நடந்தாள். இருபுறமும் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த ஒருத்தி நிமிர்ந்து, "எங்கக்கா, இவ்வளவு வேகமா?" என்றாள். "ஒரு கணக்கு தீக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிக் கூர்மையாக்கிக்கொண்டே போனாள்.

குமாரதாஸ் வீட்டில் பட்டாசல் நிறைய ஆள் இருந்தது. அவன் மனைவியின் பிரசவத்துக்காக அவளுடைய அம்மை, தங்கை, ஒரு சித்தி எல்லாரும் வந்திருந்தார்கள். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "வாங்க மாமி" என்று தண்ணீர் கொடுத்தாள். மரியாதைக்குக் குறைவில்லை. "அத்தை பின்னால இருக்காவ" என்றாள்.

பின்னால் என்பது நெல் போடுகிற அரங்குக்கும் அடுக்களைக்கும் நடுவே ஆள் வந்துபோகிற ஓடை போன்ற இடம். அங்கே ஒரு பாயில் சொர்ணம்மாள் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பகவதியம்மாளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இரிங்க. எழும்பாண்டாம்" என்றாள் பகவதியம்மாள். நின்றுகொண்டே, கூர்மையாக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். "மைனி, உங்க மகனுக்கு எனக்க வீடு வேணும்னா நேரா எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா? நூலு புடிச்சு அளந்து, அரைப்படி கட்டி, எதுக்கு இந்தக் கள்ளத்தனம்?"

'எனக்க வீடு' என்று தன் வாயிலிருந்து வந்ததை அவளே கவனிக்கவில்லை.

சொர்ணம்மாள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். "எனக்க மகனுக்கா? அவனுக்கு எதுக்குட்டி? இந்த வீடு அவனுக்க அப்பன் வீடு, அவனுக்குள்ளது. எங்கயும் போக மாட்டான்."

"பின்ன அந்தக் கட்டிலு ஆருக்கு?"

"எனக்கு."

பட்டாசலில் பெண்கள் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நீயே பாக்கியே. மருமக ஒண்ணும் சொல்லல. ஒரு சொல்லு சொன்னான்னா எனக்கும் சண்டை போட்டுட்டு இருந்திரலாம். ஒண்ணுமே சொல்லாம எனக்க கட்டில எடுத்து அவ அம்மைக்குப் போட்டா. பிரசவத்துக்கு வந்தவங்கதானேன்னு நானும் இருந்துட்டேன். எடம் இல்ல, அவ்வளவுதான். முத்து வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து பாத்துட்டுப் போவான். அவன்தான் சொன்னான், அங்க சாய்ப்பு சும்மா கெடக்குன்னு. ஒனக்க குலுக்கைய நகத்தாம கட்டிலு போட ஒக்குமான்னு பாக்கத்தான் அந்த நூலு. குலுக்கைய நகத்தினா நீ என்ன நெனப்பியோன்னு..."

"அந்தப் படி?"

சொர்ணம்மாள் எண்ணெய் பளபளக்கிற முழங்காலைக் காட்டினாள். "இதுக்குத்தான். பெரிய படி ஏற ஒக்கல்ல. சுவத்தைப் புடிச்சாத்தான் வாசலே ஏறுகேன்."

பகவதியம்மாள் அப்போதுதான் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்தாள். சுவரோரம் ஒரு தகரப்பெட்டி. அதன்மேல் மடித்து வைத்த இரண்டு வெள்ளைச் சேலை. சேலைக்கு மேல் சாய்த்து வைத்திருக்கிற ஒரு முகக்கண்ணாடி. பக்கத்தில் கவிழ்த்து அடுக்கிய பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் 'சொர்ணம்' என்று வெட்டியிருந்தது. ஒரு மாட்டுவண்டி போதும்.

"கண்ணாடிய மாட்ட ஒரு ஆணி அடிக்கப்பிடாதா, மைனி?"

"இங்கனயா?" சொர்ணம்மாள் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "மருமகளுக்க வீடுல்லா."

பகவதியம்மாள் மெல்லப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பழைய காலமா இருந்தா," என்றாள் சொர்ணம்மாள், "நான் ஒங்கிட்ட கேக்காமலே வந்து நடுவீட்டுல உக்காந்திருப்பேன். எனக்க தம்பி வீடுன்னு."

"பழைய காலமா இருந்தா நான் முற்றத்துல வண்டிக்கு நின்னிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் ஒங்கிட்ட கேக்க எனக்கு நாக்கு எழும்பல்ல."

பகவதியம்மாள் 'சரி' என்று சொல்லவில்லை. 'வாருங்கள்' என்றும் சொல்லவில்லை. அத்தனை வருஷத்துச் சந்தேகத்தை ஒரு பாயில் உட்கார்ந்து எழுவதற்குள் துடைத்துப்போட அவளால் முடியவில்லை. இவள் வந்தால், பின்னால் மகன் வரமாட்டான் என்று என்ன நிச்சயம்? இன்று கட்டில், நாளை? "நேரமாச்சு" என்று எழுந்தாள். சொர்ணம்மாளும் எதையும் கேட்கவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு வேறாகத் தெரிந்தது. ஆளில்லாத பட்டாசலின் கருந்தரையில் ஒட்டுப்போட்ட திரையின் பச்சையும் கட்டமும் பூவும் விழுந்து கிடந்தன. யாருக்காக இதெல்லாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாய்ப்பில் ஒரு அரைப்படியும் ஒரு கை வெள்ளையும்தான். கண்ணாடி ஓடு அடுக்களையில். ஜன்னல் பட்டாசலில், அவள் உட்கார்ந்து அரிசி புடைக்கிற இடத்துக்கு நேரே. கருந்தரையில் அவள் தேய்த்த மூலை மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மின்னியது.

சாயங்காலம் முத்துநாயகம் வந்தபோது நேசையன் கிணற்றடியில் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். பாத்திரச் சாக்கு பட்டாசல் நடுவே கட்டியபடி இருந்தது. அதைப் பார்த்து முத்துநாயகம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தாழக்குடிக்குப் போயிருந்தேன்" என்றாள் பகவதியம்மாள்.

அவர் மேலே பார்த்தார்.

"உத்தரத்தைப் பாக்காண்டாம். என்னைப் பாருங்க. உங்க அக்காளுக்கு ஒரு கட்டிலு போட எங்கிட்ட கேக்க இவ்வளவு சுண்ணாம்பா?"

முத்துநாயகம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "முதல்ல அடுக்களைய வெளிச்சமாக்கி, பட்டாசல அழகாக்கி, ஒனக்கு மனசு குளுந்த பொறவு கேக்கலாம்ன்னு நெனச்சேன். நான் என்ன கண்டேன், வெள்ளை அடிக்க அடிக்க ஒனக்க முகம் கறுத்துட்டேல்லா போச்சு! பொறவு எங்க கேக்க?"

"அடிக்கதுக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம்."

"நீ வேண்டாம்னு சொல்லிட்டா? ஒனக்க வீட்டுல ஒன்னை மீறி நான் ஓராளக் கொண்டு வைக்க ஒக்குமா?"

"ஆருக்க வீட்டுல?"

"ஒனக்க வீட்டுல. பின்ன ஆருக்க வீடு?" அவர் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "பதினெட்டு வருசமா நீ 'உங்க வீடு, உங்க வீடு'ன்னு சொல்லுகது என்னைக் கேலி பண்ணுகேன்னுல்லா நெனச்சேன்!"

அதைச் சொல்லும்போது முத்துநாயகம் உத்தரத்தைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகவதியம்மாள் போய்ப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த துணிச் சுருளை எடுத்துப் பிரித்தாள். கொல்லன் அடித்த பழைய ஆணி, தலை ஒருபுறம் நசுங்கியது. சாய்ப்புக்குள் ஏறி நின்று, "நேசையா, அந்தச் சுத்தியலைத் தா. மைனிக்க கண்ணாடிக்கு ஒரு ஆணி அடிக்கணும்" என்றாள்.

நேசையன் ஈரக்கையோடு ஓடி வந்தான். "அம்மா, சாய்ப்புச் சுவரு காயல்ல! பொளந்துரும்! நாளைக்கு நானே அடிச்சுத் தாறேன்!"

"எனக்க வீட்டுச் சுவரு. நான் அடிக்கேன்."

முதல் அடிக்கு ஒரு கை அகலம் சுண்ணாம்பு பெயர்ந்து அவள் காலில் விழுந்தது. இரண்டாவதில் ஆணி சாய்ந்துகொண்டது. நேசையன் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி நின்றான். முத்துநாயகம், "கொஞ்சம் மேல அடிச்சாத்தான் கண்ணாடிக்கு..." என்று தொடங்கினார்.

"உங்க அக்கா எவ்வளவு பொக்கம், கண்ணாடி எங்க வரணும்னு எனக்குத் தெரியும்."

இடத்தை மாற்றி மறுபடி அடித்தாள். ஆணி கொஞ்சம் கோணலாக, ஆனால் உறுதியாக உள்ளே இறங்கியது. பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கண்ணில் நீர் வந்ததற்கு நேசையன் முன்னால் சுண்ணாம்பைக் காரணம் சொன்னாள்.

தாழக்குடியிலிருந்து வண்டி வெள்ளிக்கிழமை வந்தது. தகரப்பெட்டியும் பாத்திரச் சாக்கும் இறங்கின. குமாரதாஸ் அவற்றை வாசலில் வைத்துவிட்டு, மாமியின் காலில் விழுந்துவிட்டு அதே வண்டியில் திரும்பிப் போனான். வேலிக்கு அந்தப்புறம் நாகம்மை எட்டிப் பார்த்தாள். சொர்ணம்மாள் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே கால் வைக்கத் தயங்கி முற்றத்திலேயே நின்றாள். பகவதியம்மாள் வாசலுக்கு வந்தாள். ஒரு வீட்டின் வாசலில் நின்று யாரையாவது உள்ளே அழைப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"வாங்க மைனி."

சொர்ணம்மாள் சுவரைப் பிடித்து வாசலேறி, அரைப்படியில் ஒரு காலும் பெரிய படியில் ஒரு காலுமாகச் சாய்ப்புக்குள் போனாள். பெட்டியைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் கண்ணாடியைச் சாய்த்து வைக்கக் குனிந்தாள்.

"அங்க ஆணி இருக்கு" என்றாள் பகவதியம்மாள். "மாட்டுங்க."

"மாட்டிக்கிடட்டுமா?"

"பொளந்த எடத்தை அது மறைக்கட்டும். நேசையன் என்னைச் சபிச்சுட்டுப் போயிருக்கான்."

கண்ணாடி தொங்கியது. ஆணி கோணல், அதனால் கண்ணாடியும் கோணல். இரண்டு பெண்களும் தலையைச் சாய்த்து அதில் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் முத்துநாயகம் ஒரு பொட்டலம் நிறைய ஆணி வாங்கி வந்தார். அத்தனையும் எதற்கு என்று பகவதியம்மாள் சந்தேகமாகக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே குலுக்கை மேல் கிடந்த காலண்டரை எடுத்து நீட்டினார். பட்டாசலில், ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் அவளே ஆணி அடித்து மாட்டினாள்.

தள்ளி நின்று பார்த்த முத்துநாயகம், "ஏட்டி, இது இன்னும் ஆடி மாசம்லா காட்டுகு! இப்பம் ஐப்பசில்லா!" என்றார்.

"இவ்வளவு நாளும் படுத்துக் கெடந்ததுதானே, பைய எழும்பும்" என்று சொல்லிவிட்டு, பகவதியம்மாள் ஒவ்வொரு தாளாகக் கிழித்து, வீட்டை அன்றைய தேதிக்குக் கொண்டு வந்தாள்.